பிரேக்கை விடும் முன் என்ஜினை எவ்வளவு முறுக்குகிறார்கள்? டேக் ஆஃப் த்ரஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம் ஓடுபாதையின் தொடக்கத்தில் வந்து நேராகிறது. என்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறி, ஓரிரு விநாடி அப்படியே தயங்கி நிற்கிறது. அப்புறம்தான் பேரிரைச்சல் கிளம்பி நம் முதுகை இருக்கையோடு சேர்த்து அமுக்குகிறது. அந்தத் தயக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பக்கம். பெரும்பாலும் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டையும் வைத்தே பேசியிருக்கிறேன். மற்ற ஜெட் விமானங்களில் எண்கள் மாறும், அடிப்படை மாறாது. என்ஜின் விமானத்தை முன்னே தள்ளும் விசையைத்தான் த்ரஸ்ட் என்கிறோம். உந்துவிசை என்றும் சொல்லலாம்.

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்ஜினை முழுதாக முறுக்கி, பிறகு சட்டென்று விடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பயணிகள் விமானத்தில் பெரும்பாலும் இல்லை. சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வழக்கமான டேக் ஆஃபில் பிரேக்கை விட்ட பிறகோ, விடும் நேரத்திலோதான் த்ரஸ்ட் ஏறுகிறது. விமானம் ஓடுபாதைக்குள் திரும்பி நேரானதும் நிற்காமல் அப்படியே உருண்டுகொண்டே வேகமெடுப்பதும் உண்டு. இதற்கு ரோலிங் டேக் ஆஃப் என்று பெயர். போயிங் 737 விமானிகளுக்கான பயிற்சிக் கையேடு இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது.

நின்று கிளம்பும் டேக் ஆஃபிலும் முழு த்ரஸ்ட் வரும்வரை பிரேக்கைப் பிடித்திருப்பதில்லை. என்ஜின்கள் ஓர் இடைநிலைக்கு வந்து நிலைபெறும்வரை பிடித்திருந்து, பிரேக்கை விட்டுவிட்டு, மீதியை ஏற்றுவார்கள். முழு த்ரஸ்டில் நின்று சீறும் காட்சி விதிவிலக்கு. அது எப்போது வரும் என்பது கீழே இருக்கிறது.

அப்படியானால் காக்பிட்டில் வரிசையாக என்ன நடக்கிறது?

ஒரு 737-ஐ எடுத்துக்கொள்வோம். கோபுரத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. விமானத்தை ஓட்டும் விமானியின் வலது கையோ இடது கையோ, அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ அதைப் பொறுத்து, நடுவில் இருக்கும் இரண்டு த்ரஸ்ட் லீவர்களின் மேல் இருக்கும். அவற்றை மெதுவாக முன்னே தள்ளுகிறார். திரையில் என்ஜின் சுழற்சியைக் காட்டும் இரண்டு வட்ட மானிகளின் முள்கள் ஏறுகின்றன: 25, 30, 36... இரண்டும் 40 சதவீதத்தை ஒட்டி வந்ததும் கை நிற்கிறது. இடது முள்ளும் வலது முள்ளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கண் பார்க்கிறது. இருக்கின்றன. விரல், டேக் ஆஃப் த்ரஸ்டைக் கேட்கும் டோகா பொத்தானை அழுத்துகிறது.

இதன் பிறகு லீவர்களை ஆட்டோத்ராட்டில் என்ற தானியங்கிக் கருவி எடுத்துக்கொண்டு, கணக்கிட்டு வைத்த இலக்கு வரை தானே நகர்த்துகிறது. விமானியின் கை அதன் மேலேயே கூடப் போகும். பக்கத்து இருக்கைக்காரர் மானிகளைச் சரிபார்த்து, த்ரஸ்ட் வந்துவிட்டது என்று சொல்வார். வேகம் 80 நாட்டைத் (நாட் என்பது விமான வேகத்தின் அலகு, ஒரு நாட் மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) தொட்டதும் அதையும் உரக்கச் சொல்வார். முதல் லீவர் அசைவிலிருந்து இதுவரை அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏ320-இலும் இதே கதைதான். இடைநிலை மட்டும் 40-க்குப் பதிலாக 50 சதவீதம்.

இடையில் நிறுத்துவது ஏன்? நேராக முழு த்ரஸ்டுக்குத் தள்ளினால் என்ன?

முழு விஷயத்தின் உயிரே இந்தக் கேள்விதான். என்னைக் கேட்டால், பிரேக் எப்போது விடப்பட்டது என்பதைவிட இந்த இரண்டு விநாடி நிறுத்தம்தான் முக்கியம்.

ஜெட் என்ஜின் கார் என்ஜினைப் போல மிதித்தவுடன் பாயாது. உள்ளே கனமான சுழலிகள் இருக்கின்றன. மெதுவான சுழற்சியில் உள்ளே போகும் காற்று குறைவு. எரிபொருளை ஒரேயடியாகக் கொட்டினால் காற்றோட்டம் தடுமாறி என்ஜின் செருமும், சில சமயம் வெடிச்சத்தத்தோடு நெருப்பும் கக்கும். அதனால் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி எரிபொருளை அளந்து அளந்து விடுகிறது. விளைவு என்ன? அடிமட்டத்தில் என்ஜின் ஆமை மாதிரி ஏறும். ஒரு கட்டம் தாண்டியதும் குதிரை மாதிரி பாயும். அடியிலிருந்து உச்சிக்குப் போகச் சில விநாடிகள் பிடிக்கும்.

இரண்டு என்ஜின்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று பல ஆயிரம் மணி நேரம் ஓடியது, இன்னொன்று போன மாதம் மாற்றியதாக இருக்கலாம். அடிமட்டத்திலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். வலது என்ஜின் ஏற்கெனவே பாய ஆரம்பித்துவிட்டது, இடது இன்னும் சோம்பல் முறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுபடும். வால்சுக்கானில் காற்று வேகமாகப் படும்போதுதான் அதற்குப் பலம். நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் அது வெறும் தகடு. மூக்குச் சக்கரத்தின் பிடியும் வழுக்கும் தரையில் போதாது. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் போய் நிற்க அந்தச் சில விநாடிகளே போதும்.

இரண்டையும் முதலில் ஒரே நடுமட்டத்துக்குக் கொண்டுவந்து, சமமாகிவிட்டனவா என்று பார்த்துவிட்டு மேலே ஏற்றினால் இந்தச் சிக்கல் வராது. அங்கிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஏறும். ஏதாவது ஒன்றில் கோளாறு இருந்தாலும் விமானம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அது தெரிந்துவிடும்.

40 சதவீதம், 50 சதவீதம் என்றால் எதில் சதவீதம்?

என்1 என்ற அளவில். என்ஜினின் முன்னால் தெரியும் பெரிய விசிறியும் அதோடு சேர்ந்த தண்டும் சுழலும் வேகம் அது. தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை நூறு என்று வைத்துக்கொள்கிறார், அதற்குச் சதவீதம். அந்த நூறு உச்சவரம்பு இல்லை. 737-800-இல் வரும் சிஎஃப்எம்56-7பி என்ஜினில் சிவப்புக் கோடு 104 சதவீதத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று: என்1 பாதி என்றால் த்ரஸ்டும் பாதி என்று நினைத்துவிட வேண்டாம். விசிறி இரு மடங்கு வேகமாகச் சுற்றினால் த்ரஸ்ட் இரு மடங்குக்கும் வெகு மேலே போகும். 50 சதவீத என்1-இல் கிடைப்பது முழு த்ரஸ்டில் கால்வாசி அளவு, அல்லது அதற்கும் கீழ். அதனால்தான் அந்த நிலையில் விமானம் பாயாமல் ஊர்கிறது.

சில என்ஜின்களில் என்1-க்குப் பதில் இ.பி.ஆர். என்ற அழுத்த விகிதத்தை வைத்துத் த்ரஸ்ட் அமைப்பார்கள். என்ஜினுக்குப் பின்னால் வெளியேறும் காற்றின் அழுத்தத்தை முன்னால் நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது. ஐஏஇ என்ற நிறுவனத்தின் என்ஜின் பூட்டிய ஏ320-இல் இடைநிறுத்தம் 1.05 இ.பி.ஆர். இந்த அளவு ஒருமுறை பெரிய ஏமாற்று வேலை செய்திருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஏர்பஸ்ஸிலும் லீவர் தானாக நகருமா?

நகராது. ஏ320-இன் லீவர் பாதையில் கியர் மாதிரி சில பள்ளங்கள் உண்டு. தள்ளும்போது கையில் ‘டக்’ என்று தெரியும். ஏறுவதற்கு ஒன்று, ஃப்ளெக்ஸ் என்கிற குறைத்த டேக் ஆஃப் த்ரஸ்டுக்கு ஒன்று, உச்சியில் முழு த்ரஸ்டுக்கு டோகா ஒன்று. 50 சதவீதத்தில் இரண்டும் சமமானதும் விமானி லீவர்களை ஃப்ளெக்ஸ் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். மீதியை என்ஜின் கணினி பார்த்துக்கொள்ளும். லீவர் அங்கேயே இருக்கும். போயிங்கிலிருந்து ஏர்பஸ்ஸுக்கு மாறுகிறவர்களுக்கு இது பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும் என்பார்கள். எது நல்லது என்று கேட்டால் இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பிரேக்கைப் பிடித்தபடி முழு த்ரஸ்ட் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

முதல் எதிரி ஓடுபாதையில் கிடக்கும் கல்லும் மண்ணும். நின்ற இடத்தில் முழு வேகத்தில் சுற்றும் என்ஜின் தன் முன்னால் ஒரு குட்டிச் சூறாவளியை உண்டாக்கும். தரை ஈரமாக இருக்கும் நாளில் அது கண்ணுக்கே தெரியும்: தரையிலிருந்து ஒரு நீர்க்கயிறு சுழன்று சுழன்று என்ஜின் வாய்க்குள் போகும். நீர் போனால் பரவாயில்லை. சரளைக்கல்லோ, கழன்று விழுந்த ஒரு திருகாணியோ போனால் விசிறித் தகடுகள் அடிபடும். 737-இன் என்ஜின் தரைக்கு மிக அருகில் தொங்குவதால் அதற்கு இது கூடுதல் தலைவலி. விமானம் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தச் சுழல் அறுந்துவிடும்.

அடுத்தது காற்று. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ காற்று அடிக்கும்போது, நிற்கும் என்ஜினுக்குள் காற்று கோணலாக நுழைகிறது. அந்த நிலையில் முழுதாக முறுக்கினால் உள்ளே காற்றோட்டம் குலைந்து செருமல் வரலாம். ஓடும் விமானத்தில் எதிர்க்காற்று தானாகவே கிடைத்துவிடுவதால் ஓட்டம் நேராகும்.

மூன்றாவது, பிரேக் பிடித்தும் விமானம் நிற்காமல் போவது. இதை ஒரு சின்னக் கணக்காகவே பார்த்துவிடலாம். 777-300இஆர் விமானத்தின் ஜிஇ90-115பி என்ஜின் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 513 கிலோநியூட்டன் தள்ளும். இரண்டும் சேர்ந்து 1,026. விமானத்தின் அதிகபட்ச டேக் ஆஃப் எடை சுமார் 351 டன். ஆக த்ரஸ்ட் எடையில் பத்தில் மூன்று பங்கு. உலர்ந்த ஓடுபாதையில் டயரின் பிடி இதைவிட நன்றாகவே அதிகம், நிற்கும். ஈரப் பனிக்கட்டி படர்ந்த தரையில் பிடி எடையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பிரேக் இறுக்கமாகத்தான் இருக்கும். பூட்டிய சக்கரங்களோடு விமானம் வழுக்கிக்கொண்டு போகும். காலியாகப் பறக்கும் விமானத்தில் எடை குறைவு, த்ரஸ்ட் அதே. விகிதம் இன்னும் மோசம்.

இவை போக, பின்னால் நிற்கும் வண்டிகள் மீது அடிக்கும் சூடான காற்று, வால்பகுதி உலோகத்தை அதிரவைக்கும் இரைச்சல், எரிந்து வீணாகும் எரிபொருள், ஓடுபாதையில் கழியும் நேரம். பரபரப்பான விமான நிலையத்தில் பின்னால் இறங்க வருகிறவருக்கு அரை நிமிடம் பெரிய விஷயம்.

உருண்டுகொண்டே த்ரஸ்ட் ஏற்றினால் ஓடுபாதையின் ஒரு பகுதி வீணாகாதா?

கேள்வி நியாயமானது. ஆனால் இழப்பு மிகச் சிறியது. என்ஜின் ஏறும் அந்தச் சில விநாடிகளில் விமானம் மெதுவாகத்தான் நகர்கிறது. அதோடு அந்த மெதுவான நகர்வும் வேகக் கணக்கில் வரவாகச் சேர்கிறது. நின்று கிளம்புவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்பதைப் போயிங் சோதனைப் பறப்புகள் மூலமே உறுதிசெய்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: தள்ளத் தொடங்கிய பிறகு இழுத்தடிக்கக் கூடாது. இடைநிலையிலேயே நீண்ட நேரம் உருண்டுகொண்டிருந்தால் உண்மையிலேயே ஓடுபாதை வீணாகும்.

சரி, நின்று முறுக்கிக் கிளம்புவது எப்போது?

இரண்டு சூழலில் அதிகம் பார்க்கலாம்.

ஒன்று, குளிர். வெப்பநிலை 3 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்து, மூடுபனியோ மழையோ பனிப்பொழிவோ இருந்தால், தரையில் காத்திருக்கும்போதே விசிறியில் பனிக்கட்டி ஒட்டும். ஒரு பக்கம் கூடுதலாக ஒட்டினால் விசிறி நடுங்கும். அதனால் 737-இல் டேக் ஆஃபுக்கு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு குறைந்தது 70 சதவீத என்1 வரை ஏற்றி, என்ஜின் நிதானமாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் அரை மணிக்கு ஒருமுறையாவது ஏறக்குறைய 30 விநாடி இப்படி முறுக்கி, ஒட்டியதை உதறிவிட வேண்டும். இங்கே பாருங்கள் முரணை: பனிக்கட்டியை உதற முறுக்க வேண்டும், ஆனால் தரையிலும் பனிக்கட்டி இருந்தால் முறுக்கும்போது விமானம் வழுக்கும். சுற்றிலும் இடம் பார்த்து, வழுக்க ஆரம்பித்தால் உடனே குறைத்து, விமானி இரண்டுக்கும் நடுவில் வழி தேட வேண்டியதுதான்.

இரண்டு, குட்டையான ஓடுபாதை. லண்டன் சிட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். அங்கே ஜெட் விமானங்கள் ஓடுபாதையின் விளிம்பிலேயே நின்று, பிரேக்கைப் பிடித்தபடி த்ரஸ்ட் ஏற்றி, பிறகு கிளம்புவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மீட்டரும் கணக்கில் இருக்கும் இடத்தில் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

பக்கக் காற்று பலமாக இருந்தால் முறை மாறுமா?

மாறும். ஏ320-இல் பக்கக் காற்று 20 நாட்டைத் தாண்டினாலோ, பின்காற்று இருந்தாலோ, ஒரேயடியாக முழு த்ரஸ்டுக்குப் போவதில்லை. முதலில் வழக்கம்போல 50 சதவீதம், அப்புறம் 70, அதன்பின் விமானம் 40 நாட் வேகத்தை எட்டும்போது டேக் ஆஃப் த்ரஸ்ட் வந்திருக்கும்படி படிப்படியாக. கூடவே சைட்ஸ்டிக் எனப்படும் கட்டுப்பாட்டுக் குச்சியை 80 நாட் வரை முழுதாக முன்னால் தள்ளிப் பிடிப்பார்கள். சிறகுக்குக் கீழே தொங்கும் என்ஜின்கள் தள்ளும்போது மூக்கு மேலே எழப் பார்க்கும்; மூக்குச் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்திருந்தால்தான் நேராக ஓடும்.

எவ்வளவு த்ரஸ்ட் வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எப்போதும் முழுதாகத்தானே?

இல்லை. பெரும்பாலான டேக் ஆஃபுகள் முழு த்ரஸ்டில் நடப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பே விமானிகள் எடை, ஓடுபாதை நீளம், காற்று, வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் கணினியில் கொடுத்து, பாதுகாப்பாகக் கிளம்பப் போதுமான த்ரஸ்ட் எது என்று கணக்கிடுகிறார்கள். இதில் ஒரு என்ஜின் நடுவில் நின்றுபோனாலும் சமாளிக்க வேண்டும் என்பதும் அடக்கம். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை, பாதி காலியான விமானம் என்றால் உச்ச த்ரஸ்ட் எதற்கு?

குறைக்கும் முறை வேடிக்கையானது. என்ஜின் கணினியிடம் ஒரு பொய் சொல்கிறார்கள். வெளியே 28 டிகிரிதான் இருக்கும். ‘52 டிகிரி என்று வைத்துக்கொள்’ என்பார்கள். வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், என்ஜினால் பாதுகாப்பாகத் தரமுடிகிற த்ரஸ்டும் குறையும். எனவே கணினி, 52 டிகிரியில் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவை மட்டும் தருகிறது. இதைப் போயிங்கில் அனுமான வெப்பநிலை முறை என்றும் ஏர்பஸ்ஸில் ஃப்ளெக்ஸ் என்றும் சொல்வார்கள். இப்படிக் குறைப்பதற்கு 25 சதவீதம் என்ற எல்லை உண்டு. பனியோ தேங்கிய நீரோ மூடிய ஓடுபாதையில் இந்த முறைக்கு அனுமதி கிடையாது.

பலன் என்ஜின் ஆயுளில். என்ஜினின் சூடான பகுதியில் உள்ள தகடுகளை டேக் ஆஃபின் அந்த இரண்டொரு நிமிடங்கள்தான் அதிகம் வாட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்தால் பழுதுபார்ப்பு வெகு தூரம் தள்ளிப்போகும். தேவைப்பட்டால் முழு த்ரஸ்ட் எங்கும் ஓடிப்போகவில்லை. லீவரை டோகா வரை தள்ளினால் கிடைத்துவிடும்.

கணக்கில் தப்பு எண் போய்விட்டால்?

போயிருக்கிறது, பல முறை. பிரேக்கும் லீவரும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது இந்த எண்களில்தான்.

2009 மார்ச் 20. மெல்பர்னில் இருந்து கிளம்பிய எமிரேட்ஸ் ஏ340-500. எடை 362.9 டன். கணக்குப் போடும் கணினியில் 262.9 என்று விழுந்துவிட்டது. ஒரே ஓர் இலக்கம். நூறு டன் குறைவான விமானத்துக்கான த்ரஸ்ட் வந்தது, அதற்கேற்பக் குறைவான வேகங்களும் வந்தன. விமானம் எழ மறுத்து வால் தரையில் உரசியது. கேப்டன் லீவர்களை டோகாவுக்குத் தள்ளியதால் ஓடுபாதையின் கடைசியைத் தாண்டி ஒருவழியாக மேலே ஏறியது. திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள், யாரும் சாகவில்லை.

2017 ஜூலை 21, பெல்ஃபாஸ்ட். ஒரு 737-800. வெளி வெப்பநிலையாக 16 டிகிரிக்குப் பதில் மைனஸ் 52 உள்ளே போயிருந்தது. மைனஸ் 52 என்பது உயரே பறக்கும்போது இருக்கும் குளிர். கடுங்குளிர்க் காற்றில் அதே த்ரஸ்டுக்குக் குறைந்த விசிறி வேகம் போதும் என்பதால் கணினி 81.5 சதவீத என்1 என்று இலக்கு வைத்தது. மானி அந்த 81.5-ஐச் சரியாகத் தொட்டது. இலக்கும் அளவும் பொருந்திவிட்டதால் ‘த்ரஸ்ட் வந்துவிட்டது’ என்ற சரிபார்ப்பும் முடிந்தது. இலக்கே தப்பு என்று அந்தச் சரிபார்ப்புக்குத் தெரியாது! ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஒரு விளக்கை இடித்துவிட்டு அந்த விமானம் மேலே ஏறியது.

மூன்றாவதுதான் மிகப் பெரிய சோகம். 1982 ஜனவரி 13, வாஷிங்டன், பனிப்பொழிவு. ஏர் ஃப்ளோரிடாவின் 737-200. என்ஜினின் பனி எதிர்ப்பு அமைப்பைப் போடாமல் விட்டார்கள். என்ஜின் முகப்பில் அழுத்தத்தை அளக்கும் குழாய் பனியால் அடைத்துக்கொண்டது. முன்னால் சொன்ன இ.பி.ஆர். நினைவிருக்கிறதா? வகுக்கும் எண் பொய்யாகக் குறைந்தால் விடை பொய்யாக ஏறும். மானி 2.04 என்றது, உண்மையில் இருந்தது 1.70 அளவுதான். மற்ற மானிகள் வழக்கத்தைவிடக் கீழே நின்றன. ஏதோ சரியில்லை என்று கோ-பைலட் ஓட்டத்தின்போதே சொல்கிறார், கேப்டன் நிறுத்தவில்லை. விமானம் போட்டோமேக் ஆற்றுப் பாலத்தில் மோதி விழுந்தது. பாலத்தில் வண்டிகளில் இருந்த 4 பேரோடு சேர்த்து 78 பேர் இறந்தார்கள். லீவர்கள் முன்னே போக இன்னும் இடம் இருந்தது என்பதுதான் இதைப் படிக்கும்போதெல்லாம் மனதை அறுக்கிறது.

60 நாட், 80 நாட் என்று ஏன் காலக்கெடு?

737-இல் 60 நாட்டுக்குள் த்ரஸ்ட் அமைந்துவிட வேண்டும். 84 நாட்டில் ஆட்டோத்ராட்டில் லீவரிலிருந்து தன் பிடியை விட்டுவிடும். அதன்பின் தானியங்கிக் கோளாறு எதுவும் லீவரைப் பின்னுக்கு இழுத்துவிட முடியாது. ஏ320-இல் 80 நாட்டுக்குள் சரிபார்ப்பு முடிய வேண்டும். எந்த விமானமானாலும் எண்ணம் ஒன்றுதான்: வேகம் குறைவாக இருக்கும்போதே என்ஜின் விவகாரத்தை முடித்துவிட்டு, அதிவேகத்தில் கண்ணை ஓடுபாதையிலும் வேகமானியிலும் வைக்க வேண்டும். 80 நாட்டில் நிறுத்துவது எளிது. 140-இல் நிறுத்துவது வேறு கதை.

லீவரில் கை எப்போது எடுக்கப்படும்?

வி1 என்ற முடிவு வேகத்தை எட்டியதாக அறிவிக்கும் கணத்தில். அதற்குப் பிறகு நிறுத்த ஓடுபாதை போதாது, பறந்துதான் ஆக வேண்டும். பல நிறுவனங்களில் கோ-பைலட் ஓட்டும் டேக் ஆஃபிலும் த்ரஸ்ட் அமைந்தபின் லீவர் மேல் கேப்டன் கைதான் இருக்கும், ஏனென்றால் நிறுத்தும் முடிவு அவருடையது. வி1-இல் கையை எடுத்துவிடுவது, பழக்கதோஷத்தில் லீவரைப் பின்னுக்கு இழுத்துவிடாமல் இருக்கத்தான்.

பார்க்கிங் பிரேக்கை எடுக்க மறந்துவிட்டால்?

லீவரை டேக் ஆஃபுக்குத் தள்ளியதுமே எச்சரிக்கை ஒலி காதைக் கிழிக்கும். இறக்கைப் பின்மடல்கள் சரியாக இறங்காவிட்டாலும், காற்றுத் தடுப்பான்கள் நிமிர்ந்திருந்தாலும் இதே ஒலிதான். ஒலித்தால் லீவரைப் பின்னுக்கு இழு, நில், அவ்வளவே. ஆனால் 2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டில் ஸ்பேன்ஏர் எம்டி-82 மடல்களை இறக்காமலே ஓடியபோது அந்த ஒலி வரவில்லை. 154 பேர் இறந்தார்கள். ஒலியை நம்பிச் சரிபார்ப்புப் பட்டியலை அவசரமாகப் படிக்கக் கூடாது என்று அடித்துச் சொல்வது இதனால்தான்.

டேக் ஆஃப் நேரத்தில் ஏசி காற்று நின்றுவிடுகிறதே?

சில சமயம் வேண்டுமென்றே நிறுத்துவார்கள். ஏசிக்கான அழுத்தக் காற்று என்ஜினிலிருந்துதான் வருகிறது. அதைத் திருடாமல் விட்டால் என்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் தெம்பு. ஏறத் தொடங்கியதும் திரும்பப் போட்டுவிடுவார்கள்.

ஓடுபாதையில் ஒரு நிமிடம் சும்மா நிற்கிறார்களே, அது த்ரஸ்ட் ஏற்றவா?

இல்லை. முன்னால் போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச்சுழல் அடங்கக் காத்திருக்கலாம், அல்லது அனுமதி இன்னும் வராமலிருக்கலாம். அந்த நேரம் முழுக்க என்ஜின் அடிமட்டச் சுழற்சியில்தான் இருக்கும்.

பயணியாக உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் கவனிக்க முடியுமா?

முடியும். சிறகுக்குச் சற்று முன்னால் ஜன்னல் இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. முதலில் மெல்லிய ‘ஊ...’ என்ற ஏற்றம். அது ஒரு சுருதியில் நிற்கும். அதுதான் 40 அல்லது 50 சதவீதம். காதைத் தீட்டிக் கேட்டால் இரண்டு என்ஜின்களின் சுருதியும் லேசாக விலகி ‘வவ்-வவ்’ என்று அலையடிப்பதும், பிறகு ஒன்றாகச் சேர்வதும் கேட்கும். சேர்ந்ததும் கை முன்னே போகும், இரைச்சல் எழும். இந்த நிறுத்தத்தில் விமானம் ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருந்தால் அது ரோலிங் டேக் ஆஃப். அசையாமல் நின்று, மூக்கு லேசாகத் தரையை நோக்கிக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து கிளம்பினால், அன்றைக்கு உங்கள் விமானி பிரேக்கைப் பிடித்துத்தான் கிளம்பியிருக்கிறார்.